முக்குளிப்பானுக்கு விட்ட மூலை

சிவமயம்

சுன்னாகம்
8-3-1932

அன்புள்ள அத்தானுக்கு ஞானேஸ்வரி எழுதுவது.

நானும் வயிற்றில் இருப்பவரும் பழுதில்லாமல் வந்து சேர்ந்தோம். கப்பலில் தலை நிமிர்த்தவே முடியவில்லை. இப்போது அம்மாவின் சமையலில் முகம் உருண்டு வருகிறது. உங்கள் உடம்பு எப்படி? உங்கள் ஆட்களை மேய்க்கும் மண்டோர் சின்னத்தம்பியின் மனைவி நேரத்துக்குச் சமைத்துத் தருகிறாளா, இல்லை ஆஸ்பத்திரிக் கஞ்சியையே டிரஸ்ஸர் ஐயாவும் குடிக்கிறாரா?

இனி முக்கியமான சங்கதி. என் முக்குளிப்பான்கள் என்ன செய்கின்றன? நான் புறப்பட்ட அன்று காலையிலும் குளத்தடிக்குப் போய்ப் பார்த்தேன். நாணல் மூலையில் அழுகிய பாசியை இழுத்து வந்து குவித்துக்கொண்டிருந்தன. குப்பை மிதக்கிறது என்று ஆள் விட்டு அள்ளிப் போட்டுவிடாதீர்கள். அதுதான் கூடு. எங்கள் ஊர்க் குளங்களில் பார்த்த பறவையை ஜொகூரில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பார்ப்பேன் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. முதல் லயத்து வரிசை வீட்டில் இருக்கும் அங்கம்மாவின் மகள் கருப்பாயிதான் முதலில் கண்டவள். "டிரஸ்ஸரம்மா, ஒரு கோழி தண்ணியில முங்கிச் செத்துப்போச்சு!" என்று அலறிக்கொண்டு ஓடி வந்தாள். செத்த கோழி அந்தப் பக்கம் எழும்பி நின்று எங்களைப் பார்த்தது. அன்று நாங்கள் இருவரும் சிரித்த சிரிப்பு!

அம்மா ஒன்று சொல்கிறா. "பிள்ளைத்தாய்ச்சியின்ரை புருசன் ஒரு எறும்பைக்கூட நசுக்கப்படாது. வினை பிள்ளைக்குத்தான் வந்து விடியும்." நீங்கள் படித்தவர், சிரிப்பீர்கள். சிரித்து முடித்துவிட்டு எனக்காக ஒன்று செய்யுங்கள். வாரா வாரம் உங்கள் ஆட்கள் நுளம்பு முட்டையிட்டுப் பெருகாமல் இருக்கக் குளத்துக்கு எண்ணெய் அடிக்கிறார்களே, அந்த நாணல் மூலையை மட்டும் விடச் சொல்லுங்கள். எண்ணெய் பட்டால் அதன் இறகுக்குள் தண்ணீர் ஊறிவிடும். பிறகு அது பிழைக்காது. நமக்கு முன்னர் இரண்டு தரம் கரைந்து போயிற்று. இதாவது தங்கட்டும், அத்தான்.

உங்கள் கடிதம் வரும் வரைக்கும் தபால்காரனின் சைக்கிள் மணிக்குக் காதைக் கொடுத்துக்கொண்டிருக்கும்
ஞானேஸ்வரி

*

சிவமயம்

லாயாங் லாயாங்
24-3-1932

அன்புள்ள ஞானேஸுக்கு,

உன் கடிதமும் உன் உருண்ட முகமும் ஒன்றாக வந்து சேர்ந்தன. நான் சுகம். சின்னத்தம்பியின் மனைவி வைக்கும் குழம்பில் மிளகாயைத் தவிர வேறு எதையும் கண்டுபிடிக்க முடியவில்லை என்பதைத் தவிர ஒரு குறையும் இல்லை. மாமியின் மூட்டு வலிக்கு ஒரு தைலம் அனுப்புகிறேன்.

உன் உத்தரவுப்படி இன்று நாணல் மூலைக்குப் போனேன். காகத்துக்கும் கொக்குக்கும் நிறம்தான் வித்தியாசம் என்று நினைக்கிற ஆள் நான். ஆனாலும் பார்த்தேன். பறவை என்னைக் கண்டதும் அலகால் பாசியை எடுத்து மளமளவென்று கூட்டின்மேல் போர்த்தது. பிறகு சத்தமில்லாமல் தண்ணீருக்குள் இறங்கிப் போய்விட்டது. ஒரு அலைகூட எழவில்லை. தடியால் பாசியை விலக்கினால் நான்கு முட்டைகள். வெள்ளையாக இருந்திருக்க வேண்டியவை, பாசிக் கறையில் பழுப்பேறியிருந்தன. உன் பறவை வெளியே போகும்போது வீட்டைப் பூட்டிவிட்டுத்தான் போகிறது. நீ ஒரு நாளும் செய்யாத காரியம்.

எண்ணெய் விஷயம். சின்னத்தம்பியிடம் சொன்னேன். அவன் தலையைச் சொறிந்தான். "ஐயா, அந்த மூலையிலதான் ஊத்துத் தண்ணி கசியுது. தெளிஞ்ச தண்ணி. காய்ச்சக் கொசு அங்கதான் முட்டை போடும்னு நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க?" என்றான். நான்தான் சொல்லிக் கொடுத்தேன். "குஞ்சு பொரிக்கிற வரைக்கும் விடு, நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றேன். நான் படித்த படிப்பெல்லாம் மாமியின் ஒரு சொல்லுக்கு முன்னால் கைகட்டி நின்றது. போன இரண்டு தரமும் ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறவன் என்ற பெருமை எனக்கு ஒன்றுக்கும் உதவவில்லை. இந்த முறை எந்தச் சாமியையும் எந்தப் பறவையையும் பகைத்துக்கொள்ள எனக்குத் தைரியமில்லை.

வெயிலில் நடக்காதே. இரும்புச் சத்து மருந்தைக் கோழிக்கு ஊற்றாமல் நீயே குடி.

உன்
சிற்றம்பலம்

*

சிவமயம்

சுன்னாகம்
9-4-1932

அன்புள்ள அத்தானுக்கு,

இங்கே எல்லோரும் நலம். மருந்தை நானே குடிக்கிறேன். கோழி குடிக்க மறுத்துவிட்டது. உங்களுக்குச் சளி தொந்தரவு இல்லையே?

நான்கு முட்டை என்ற இடத்தைப் பல தரம் வாசித்தேன். இந்நேரம் பொரித்திருக்கும். நீங்கள் என்ன பார்க்க வேண்டும் என்று சொல்லித் தருகிறேன், பிறகு தெரியாது என்று சொல்லக்கூடாது. குஞ்சுகளின் தலையில் கறுப்பும் வெள்ளையுமாகக் கோடு இருக்கும். பொரித்த உடனேயே தாயின் முதுகில் ஏறிச் சிறகுக்குள் புகுந்துகொள்ளும், தலை மட்டும் வெளியே தெரியும். பயந்தால் தாய் அவற்றையும் சுமந்துகொண்டே முக்குளித்துவிடும். தகப்பன் மீன்குஞ்சு பிடித்து வந்து முதுகில் இருப்பவர்களுக்கு ஊட்டும். இன்னொரு விசித்திரம், அவை தங்கள் நெஞ்சு இறகையே பிடுங்கிக் குஞ்சுகளுக்கு ஊட்டும். மீன் முள் வயிற்றில் குத்தாமல் இருக்க என்று எங்கள் அப்பு சொல்லுவார். தன்னைப் பிடுங்கிக் கொடுக்கிற பறவை, அத்தான்!

அங்கம்மாவைக் கேட்டதாகச் சொல்லுங்கள். பிள்ளையோடு நான் வந்தபின் ஆயாவாக அவள்தான் இருக்க வேண்டும், வேறு யாரையும் பேசி வைக்காதீர்கள். கருப்பாயிக்கு ஒரு சட்டை தைத்துக்கொண்டிருக்கிறேன். வளர்ந்திருப்பாள், அளவு எடுத்து அனுப்புங்கள். மூலைக்கு எண்ணெய் போகவில்லையே?

முக்குளிப்பான் வீட்டு வேலைக்காரருக்கு அன்புடன்
ஞானேஸ்வரி

*

சிவமயம்

லாயாங் லாயாங்
23-4-1932

அன்புள்ள ஞானேஸுக்கு,

சளி இல்லை, சுகம். நீ நன்றாகத் தூங்குகிறாயா?

நீ எழுதியபடியே கண்டேன். மூன்று பொரித்தன, ஒன்று கூழாகிவிட்டது. மூன்று கோடுபோட்ட தலைகள் முதுகில். தகப்பன் ஒரு மீனைக் கொண்டு வந்து நீட்ட, மூன்றும் சண்டை பிடித்ததில் மீன் தண்ணீரில் விழுந்தது. அதன் முகத்தைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. தேநீரை ஆறவிட்டுவிட்டு வெகு நேரம் நின்றேன். உன் புண்ணியத்தில் எனக்கும் பைத்தியம் பிடித்திருக்கிறது. எண்ணெய் போகவில்லை. குஞ்சுகள் கொஞ்சம் தேறட்டும் என்று இன்னும் சில வாரம் விடச் சொல்லியிருக்கிறேன்.

அதிகம் எழுத நேரமில்லை. குளத்துக்குப் பக்கத்தில் இருக்கிற முதல் லயத்தில் சிலருக்குக் காய்ச்சல். கொயினா மருந்து கொடுக்கப் போக வேண்டும். வழக்கமான காய்ச்சல்தான், நீ யோசிக்காதே.

உன்
சிற்றம்பலம்

*

சிவமயம்

லாயாங் லாயாங்
9-5-1932

அன்புள்ள அக்கா தங்கரத்தினத்துக்குத் தம்பி எழுதுவது.

கூலாயில் நீங்களும் அத்தானும் பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டும். நான் சுகமில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை.

ஞானேஸோடு வீட்டுக்கு வந்து போகும் அங்கம்மாவை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். அவள் மகள் கருப்பாயி வெள்ளிக்கிழமை செத்துப்போனாள். காய்ச்சல் மூளைக்கு ஏறிவிட்டது. கொயினா ஊசி போட்டேன், ஈரத் துணி சுற்றினேன், வலிப்பு நிற்கவில்லை. மற்றவர்கள் எல்லாரும் தேறிவிட்டார்கள். அவள் மட்டும் போனாள்.

அக்கா, காய்ச்சல் முதல் லயத்தில் மட்டும்தான் வந்தது. தோட்டத்துத் தண்ணீர் ஓடும் கான்களையும் குழிகளையும் ஒவ்வொன்றாக அகப்பை விட்டுப் பார்த்தேன். எல்லாம் சுத்தம். குளத்தின் நாணல் மூலையில் அள்ளிய ஒரு அகப்பைத் தண்ணீரில் நுளம்புப் புழு நெளிந்தது. அந்த மூலைக்கு எண்ணெய் அடிக்க வேண்டாம் என்று சொன்னவன் நான். அங்கே ஒரு முக்குளிப்பான் கூடு கட்டியிருந்தது. ஞானேஸ் கேட்டாள், பிள்ளைத்தாய்ச்சியின் புருஷன் உயிர்க்கொலை செய்யக்கூடாதாம். நான் ஒரு உயிரையும் கொல்லக்கூடாது என்று கையைக் கட்டிக்கொண்டிருந்து ஒரு பிள்ளையைக் கொன்றுவிட்டேன். அவளுக்கு எப்படித் தெரியும், யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு பறவையை நினைத்து எழுதினாள். எனக்குத் தெரியும். இதுதான் என் உத்தியோகம்.

பிள்ளையைப் புதைத்துவிட்டு வந்ததும் எண்ணெய் டின்னை நானே தூக்கிக்கொண்டு போனேன். சின்னத்தம்பியைத் தொடவிடவில்லை. அந்தப் பறவையின்மேல் எனக்கு அப்படி ஒரு ஆத்திரம், அது ஏதோ என்னிடம் வந்து கெஞ்சி அனுமதி வாங்கியதைப் போல. வேண்டியதைவிடப் பல மடங்கு ஊற்றினேன். கம்பால் தட்டிக் குஞ்சுகளை எதிர்க் கரைக்கு விரட்டியிருக்கலாம். அது எனக்குத் தோன்றவில்லை. தோன்றியிருந்தால் செய்திருப்பேனா என்றும் தெரியவில்லை.

மறுநாள் போனேன். ஏன் போனேன்? பறவை முக்குளிக்கப் பார்த்து முடியாமல் நனைந்த துணிபோலக் கூட்டில் ஏறிக் கிடந்தது. குளிரில் நடுங்குவது தெரிந்தது. நடுங்கிக்கொண்டே நெஞ்சு இறகைப் பிடுங்கிக் குஞ்சுகளுக்கு ஊட்டியது. அது அதன் வழக்கம். இறகு முழுக்க எண்ணெய். நான் ஒரு சாக்கைப் போட்டு அதைப் பிடித்துக் கழுவலாம் என்று ஓடினேன், திரும்பி வருவதற்குள் முடிந்துவிட்டது. தாயும் மூன்று குஞ்சும் ஒரே இடத்தில். மற்றப் பறவை எங்கே போயிற்றோ தெரியாது.

தோட்டத் துரை வந்து, இவ்வளவு சீக்கிரம் காய்ச்சலை அடக்கிவிட்டாய் என்று முதுகில் தட்டிக்கொடுத்தார். சின்னத்தம்பி என் முகத்தைப் பார்க்காமல் நடக்கிறான். அங்கம்மா ஆஸ்பத்திரிக்கு வந்து, "ராப்பகலாக் கண்ணு மூடாமப் பாத்தீங்க ஐயா. அவ ஆயுசு அம்புட்டுத்தான், நீங்க என்ன செய்வீங்க?" என்று என்னைக் கும்பிட்டாள். அக்கா, நான் அந்தக் கும்பிடை வாங்கிக்கொண்டு நின்றேன்.

ஞானேஸுக்கு என்ன எழுத?

சிற்றம்பலம்

*

சிவமயம்

சுன்னாகம்
10-5-1932

அன்புள்ள அத்தானுக்கு,

நான் சுகம். உள்ளே இருப்பவர் இரவு பகல் பாராமல் உதைக்கிறார். காய்ச்சல்காரர்கள் தேறினார்களா? நீங்கள் கொயினா போட்டுக்கொள்கிறீர்களா?

மூன்று குஞ்சும் முதுகில் இருந்ததாக நீங்கள் எழுதிய பகுதியை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். சண்டை பிடித்து மீனைத் தண்ணீரில் விட்ட இடத்தில் அம்மாவும் சிரித்துவிட்டா. "பாத்தியா, அவர் அதுகளை வைச்சுக் காப்பாத்துற மாதிரித்தான் கடவுள் உன்ரை பிள்ளையையும் காப்பாத்துவார்" என்றா. அன்று இரவு நான் பயமில்லாமல் தூங்கினேன். இந்தப் பயத்தை உங்களுக்கு நான் இவ்வளவு நாளும் சொல்லவில்லை. ஒவ்வொரு நாளும் விடிந்ததும் வயிற்றில் கை வைத்து அசைகிறதா என்று பார்ப்பேன். இப்போது கூடவே குஞ்சுகளையும் நினைத்துக்கொள்கிறேன், அவை அங்கே நீந்தினால் இது இங்கே இருக்கும் என்று. பைத்தியக்காரத்தனம்தான்.

கருப்பாயியின் அளவு அனுப்பவில்லை. சட்டைக்குக் கை வைக்காமல் காத்திருக்கிறேன்.

ஞானேஸ்வரி

*

சிவமயம்

கூலாய்
14-5-1932

தம்பிக்கு,

நாங்கள் சுகம். நீ சாப்பிடு, முதலில் அதைச் செய்.

உன் கடிதத்தை அத்தானுக்கும் காட்டவில்லை. அடுப்பில் போட்டுவிட்டேன். ஞானேஸ்வரிக்கு ஒரு சொல்லும் எழுதாதே. இரண்டு தரம் கரைந்தவள், மாதம் நெருங்குகிறது. அவள் கேட்டுத்தான் இது நடந்தது என்று தெரிந்தால் அந்த வயிறு தாங்குமா? பறவை இருக்கிறது, குஞ்சு இருக்கிறது என்று எழுது. பொய்தான். பிள்ளை பிறக்கட்டும், பிறகு பார்க்கலாம். அங்கம்மாவிடமும் வாயைத் திறக்காதே. சொன்னால் செத்த பிள்ளை எழும்பி வருமா? உன் உத்தியோகம்தான் போகும்.

நீ செய்தது சரி என்று நான் சொல்லவில்லை, தம்பி. உன் கடிதத்தை வாசித்த அன்று இரவு என் பிள்ளைகளை என் பாயிலேயே படுக்க வைத்துக்கொண்டேன். அவ்வளவுதான் சொல்லுவேன்.

அக்கா தங்கரத்தினம்

*

சிவமயம்

லாயாங் லாயாங்
26-5-1932

அன்புள்ள ஞானேஸுக்கு,

கடிதம் சுணங்கியதற்கு மன்னித்துக்கொள். நான் சுகம், கொயினாவும் போட்டுக்கொள்கிறேன். காய்ச்சல் நின்றுவிட்டது. உன் பயத்தை எனக்கு எழுதியது நல்லது. இனிப் பயப்படாதே, எல்லாம் நல்லபடி நடக்கும்.

உன் பறவைகளுக்கு ஒரு குறையுமில்லை. குஞ்சுகள் நன்றாக வளர்ந்துவிட்டன. நேற்றுக் காலை தாய் முன்னால் நடக்க, மூன்றும் வரிசையாகப் பின்னால் கரையேறி நம்முடைய குசினி வாசல் வரை வந்தன. நான் கொஞ்சம் பொரி போட்டேன். நான்கும் கொத்தித் தின்றுவிட்டுப் போயின. தினமும் வருகின்றன. நீ இருந்தால் எவ்வளவு சந்தோஷப்படுவாய் என்று நினைத்துக்கொண்டேன்.

மழை அதிகம். வேறு விசேஷமில்லை. உடம்பைப் பார்த்துக்கொள்.

உன்
சிற்றம்பலம்

*

சிவமயம்

சுன்னாகம்
28-6-1932

அன்புள்ள அத்தானுக்கு,

தந்தி கிடைத்திருக்கும். மகள். உங்கள் மூக்கு, என் குரல். பாலை மறக்காமல் குடிக்கிறாள், அழுகையையும் மறப்பதில்லை. நான் எழும்பி உட்காருகிறேன். பிள்ளை பெற்ற துடக்கு வீட்டில் கடிதம் எழுதக்கூடாது என்று அம்மா பேசுகிறா. அவ கிணற்றடிக்குப் போன நேரத்தில் எழுதுகிறேன்.

அத்தான், முக்குளிப்பான் செத்துப்போயிற்று, அப்படித்தானே?

அதற்குக் கால்கள் உடம்பின் கடைசியில் வாலுக்குப் பக்கத்தில் இருக்கின்றன. தரையில் நாலடி வைத்தால் நெஞ்சடித்து விழும். அது குஞ்சுகளை வரிசையாகக் கூட்டிக்கொண்டு குசினிக்கு வராது. பொரியும் தின்னாது, அது மீனும் பூச்சியும் தின்கிற பறவை. நீங்கள் எழுதியது கோழி. உங்களுக்குப் பொய் சொல்லத் தெரியாது என்பது எனக்குக் கலியாணத்தன்றே தெரியும்.

அந்தக் கடிதம் வந்தபோது எனக்கு நாள் கிட்டியிருந்தது. ஒருவரிடமும் சொல்லாமல் அழுதேன். பிறகு யோசித்தேன். என் பிள்ளைக்காக நீங்கள் இந்தப் பொய்யை எழுதியிருக்கிறீர்கள். எண்ணெய் அடித்திருக்கிறீர்கள், அதுதானே? அடித்தது நல்லது, அத்தான். இவளை மடியில் வைத்துக்கொண்டு பார்க்கும்போதுதான் நான் என்ன கேட்டிருக்கிறேன் என்று எனக்கு விளங்குகிறது. லயத்தில் அத்தனை பிள்ளைகள் இருக்க, ஒரு பறவைக்காக ஒரு மூலையை விடச் சொன்னேனே. நல்ல காலம், நீங்கள் வேளைக்கு எண்ணெயை அடித்தீர்கள். ஒரு பிள்ளைக்கு ஏதாவது ஆகியிருந்தால் நான் எந்த முகத்தோடு அங்கே திரும்பி வருவேன்? ஒரு பறவைதானே. அதை நினைத்து உங்கள் மனதைப் போட்டு வருத்தாதீர்கள். நான் மன்னித்துவிட்டேன்.

புரட்டாதியில் கப்பல் ஏறலாம் என்று அப்பு சொல்கிறார். அங்கம்மாவிடம் சொல்லி வையுங்கள். கருப்பாயியைப் பற்றி எத்தனை தரம் கேட்டுவிட்டேன், ஒரு வரி எழுதக்கூடாதா?

மகளின் சார்பிலும்
ஞானேஸ்வரி

*

சிவமயம்

லாயாங் லாயாங்
16-7-1932

அன்புள்ள ஞானேஸுக்கு,

நீயும் மகளும் சுகமாக இருக்க வேண்டும். இந்தக் கடிதத்தை உட்கார்ந்து வாசி. பிள்ளையை மாமியிடம் கொடுத்துவிட்டு வாசி.

முக்குளிப்பான் செத்தது உண்மை. குஞ்சுகளும் செத்தன. எண்ணெய் ஊற்றியவன் நான். ஆனால் நீ நினைப்பதுபோல வேளைக்கு ஊற்றவில்லை. கருப்பாயி சித்திரை மாதக் கடைசியில் காய்ச்சலில் செத்துப்போனாள். அந்த மூலையில் வளர்ந்த நுளம்பு. அவளைப் புதைத்த பிறகுதான் எண்ணெய் ஊற்றினேன். நீ மன்னித்தது வேறு எதையோ. அதை நான் வாங்கி வைத்துக்கொள்ள முடியாது.

நீ கேட்டாய் என்பதற்காக இது உன் தலையில் விழாது. கடலுக்கு அந்தப் பக்கம் இருந்து நீ கேட்டாய். அது ஊற்றுத் தண்ணீர் என்று சின்னத்தம்பி எனக்கு முன்னால் நின்று சொன்னான். தெரிந்துகொண்டுதான் விடு என்றேன். என் பிள்ளை தங்க வேண்டும் என்ற ஆசையில் இன்னொருத்தியின் பிள்ளையை நான் கணக்கில் எடுக்கவில்லை. இதை எப்படிச் சுற்றி எழுதினாலும் இப்படித்தான் வருகிறது.

பிள்ளை பிறந்த பிறகும் சொல்லாமல் இருந்துவிடலாம் என்றுதான் இருந்தேன். உன் கடிதத்தில் "நல்ல காலம்" என்று எழுதியிருக்கிறாயே, அதற்குப் பிறகு முடியவில்லை. நீ வந்து அங்கம்மாவின் கையில் நம் பிள்ளையைக் கொடுப்பதை நான் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். உனக்கு எழுதும் முன் அவளிடம் சொல்ல வேண்டும் என்று பட்டது. நேற்று வேலை விட்டபின் முதல் லயத்துக்குப் போனேன்.

அங்கம்மா வாசலில் சுளகில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். புருஷன் காளியப்பன் உள்ளே இருந்து வந்து எனக்கு ஒரு பெட்டியை இழுத்துப் போட்டான். நான் உட்காரவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். மூலையை விடச் சொன்னது நான், பறவைக்காக விட்டேன், என் மனைவி பிள்ளைத்தாய்ச்சியாக இருந்தாள், உயிர்க்கொலை ஆகாது என்று விட்டேன், கொசு அங்கேதான் வளர்ந்தது, இது அவள் ஆயுள் இல்லை, என் தப்பு என்று சொன்னேன். அடிப்பான் என்று எதிர்பார்த்தேன். காளியப்பன் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றான். துரையிடம் போய்ச் சொல்லுங்கள், நானே கூட்டிக்கொண்டு போகிறேன் என்றேன்.

அங்கம்மாவின் கை சுளகில் நின்றுவிட்டது. பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்து, "அந்தக் குஞ்சுங்களாவது பொழச்சிருச்சா ஐயா?" என்று கேட்டாள்.

இல்லை என்றேன்.

அப்போதுதான் அவள் அழத் தொடங்கினாள்.

சிற்றம்பலம்